ஆப் ஓடுகிறது, டேட்டாபேஸ் எங்கே?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறேன், பி.சி.ஏ. இரண்டாம் ஆண்டு. அம்மாவுக்குச் சர்க்கரை. அப்பாவுக்குக் காசிமேட்டில் மீன் ஏற்றும் வேலை, விடியற்காலையே கிளம்பிவிடுவார். இருவர் சாப்பாட்டையும் குறித்து வைக்க சீனியர் ஒருவர் எழுதிய ஆப்பை, கோடு பகிரும் தளமான கிட்ஹப்பில் இருந்து எடுத்தேன். நோட் ஜேஎஸ்ஸும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸும் வைத்துச் செய்தது. பக்கம் திறக்கிறது. 'சேவ்' அழுத்தினால் '127.0.0.1:5432 கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்கிறது. மூன்று முறை அழித்துவிட்டு மறுபடி இறக்கிப் பார்த்துவிட்டேன்.

பதில்: நாலாவது முறை இறக்க வேண்டாம். உங்களுக்கு வந்தது ஆப்பின் கோடு மட்டும்தான், டேட்டாபேஸ் அதோடு வராது. அது உங்கள் லேப்டாப்பில் தனியாக ஓட வேண்டிய இன்னொரு புரோகிராம். 127.0.0.1 என்பது உங்கள் லேப்டாப்பேதான். 5432, போஸ்ட்கிரெஸ் வழக்கமாகக் காத்திருக்கும் போர்ட், கதவு எண் மாதிரி. ஆப் அங்கே போய்க் கதவைத் தட்டியிருக்கிறது, உள்ளே ஆள் இல்லை.

போஸ்ட்கிரெஸ்ஸை இன்ஸ்டால் செய்யுங்கள். விண்டோஸ் என்றால் நடுவில் ஒரு பாஸ்வேர்ட் வைக்கச் சொல்லும். அதை நோட்டில் எழுதி வையுங்கள். இப்போதைக்கு எழுத்தும் எண்ணும் போதும். '@' வைத்தால் கனெக்‌ஷன் முகவரியில் அந்தக் குறியை '%40' என்று மாற்றி எழுத வேண்டும். இது தெரியாமல் ராத்திரி முழுக்க மண்டையை உடைத்துக்கொண்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பிறகு ஆப் ஃபோல்டரில் உள்ள 'டாட் என்வ்' (.env) ஃபைலில் யூசர், பாஸ்வேர்ட், டேட்டாபேஸ் பெயர் மூன்றையும் போட்டு, ஆப்பை நிறுத்திவிட்டு மறுபடி ஓட விடுங்கள். அந்த ஃபைலைக் கிட்ஹப்பில் ஏற்றிவிடாதீர்கள்.

இனி எரர் மாறும். மாறினால் சந்தோஷப்படுங்கள், ஒரு படி ஏறிவிட்டீர்கள். 'பாஸ்வேர்ட் ஆதென்டிகேஷன் ஃபெயில்டு' வந்தால் சர்வர் ஓடுகிறது, பாஸ்வேர்டோ யூசர் பெயரோதான் தப்பு. 'டேட்டாபேஸ் டஸ் நாட் எக்ஸிஸ்ட்' வந்தால் உள்ளே நுழைந்தாயிற்று, அந்தப் பெயரில் டேட்டாபேஸை இன்னும் உருவாக்கவில்லை. போஸ்ட்கிரெஸ்ஸைக் கையாளும் பிஜிஅட்மினில் ஒரு நிமிட வேலை. 'ரிலேஷன் டஸ் நாட் எக்ஸிஸ்ட்' என்றால் டேபிள் இல்லை. 'பேக்கேஜ் ஜேசன்' (package.json) ஃபைலில் 'ஸ்கிரிப்ட்ஸ்' பகுதியைப் பாருங்கள், 'மைக்ரேட்' மாதிரி ஒரு கமாண்ட் இருந்தால் அதை ஓட்டுங்கள். இல்லையென்றால் எஸ்க்யூஎல் ஃபைல் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள்.

அப்பா விஷயத்தில்தான் எனக்குக் கவலை. அவர் விடியற்காலை 4 மணிக்கு டீயும் பன்னும் சாப்பிடுகிறார் என்று வையுங்கள். ஆப் தேதியை உலகப் பொது நேரமான யூடிசிப்படி பிரித்தால் அது முந்தின நாள் இரவு 10.30. நம் நேரம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால், காலை 5.30-க்கு முன் சாப்பிட்டதெல்லாம் நேற்றைய கணக்கில் போய் விழும். நேரத்தை 'டைம்ஸ்டாம்ப் வித் டைம் ஸோன்' வகையில் வைத்து, நாள்வாரியாகக் கூட்டும் இடத்தில் 'ஏஷியா/கொல்கத்தா' என்று குறிப்பிடுங்கள். 4 மணிக்கு ஒரு பதிவு போட்டு, அது எந்தத் தேதியில் வருகிறது என்று கண்ணால் பாருங்கள்.

உணவுப் பட்டியலையும் நீங்களேதான் நிரப்ப வேண்டியிருக்கும். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணையில் 528 உணவுகளுக்கு அளவு இருக்கிறது. ஆனால் அதில் அரிசி, பருப்பு, மீன் என்று பொருள்தான் கிடைக்கும், பீச் ஸ்டேஷன் பக்கம் விற்கும் பர்மா நூடுல்ஸான அத்தோ கிடைக்காது. வீட்டில் ஒரு தடவை செய்து, நூடுல்ஸ், எண்ணெய், வெங்காயம், முட்டைக்கோஸ் என்று ஒவ்வொன்றையும் எடை போட்டு, அதனதன் சத்தைக் கூட்டி, எத்தனை தட்டு வந்ததோ அதால் வகுங்கள். அம்மாவின் இட்லியையும் ஒன்றை எடை போட்டே எழுதுங்கள், வீட்டுக்கு வீடு இட்லித்தட்டின் குழி வேறு. இந்தக் கணக்கை டாக்டரிடம் காட்டலாம். இதை வைத்து நீங்களாக மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

எல்லாம் முடிந்ததும் 'இரண்டு இட்லி' என்று சேர்த்து, லேப்டாப்பை அணைத்துப் போட்டுத் திறந்து பாருங்கள். இட்லி அங்கேயே இருந்தால் டேட்டாபேஸ் வேலை செய்கிறது.