மென்று தின்ற முதலை

கேள்வி: குடும்பத்தோடு முதலைப் பண்ணைக்குப் போயிருந்தோம். “டைனோசர் காலத்திலிருந்து முதலை அப்படியேதான் இருக்கிறது” என்றார் உடன் வந்த மைத்துனர். மாறாத பிராணி ஒன்று கண்ணெதிரே கிடக்கும்போது, பரிணாமம் பரிணாமம் என்று இன்னும் எதற்கு எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்?
– வாசகர், தேனி

பதில்: நாலு கட்டு வீட்டில் இடியாமல் நிற்கும் ஒரு தாழ்வாரத்தைப் பார்த்துவிட்டு, வீடே இவ்வளவுதான் என்கிறீர்கள்.

தான்சானியாவின் தென்மேற்கில் உள்ள ருக்வா பள்ளத்தாக்கில் ஒரு பழங்கால முதலையின் மண்டையோடு கிடைத்தது. உள்ளங்கையில் அடங்கிவிடும். உடம்பு வீட்டுப் பூனை அளவு. வாழ்ந்தது ஏறக்குறைய 10.5 கோடி ஆண்டுகளுக்கு முன். பேட்ரிக் ஓகானர் குழுவினர் 2010இல் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் அறிவித்து, பாக்காசூக்கஸ் என்று பெயரிட்டார்கள். சுவாஹிலியில் ‘பாக்கா’ என்றால் பூனை.

அதன் வாய்தான் விசேஷம். பண்ணையில் நீங்கள் பார்த்த முதலைக்கு வாய் முழுக்க ஒரே அச்சில் வார்த்ததுபோல் கூம்புப் பற்கள். கவ்வும், சுழன்று பிய்க்கும், விழுங்கும், மெல்லத் தெரியாது. இந்தப் பூனை முதலைக்கோ முன்னால் கோரைப்பல், பின்னால் கடைவாய்ப்பல். நமக்கு இருப்பதுபோலவே மேல்பல்லின் பள்ளத்தில் கீழ்ப்பல்லின் மேடு வந்து உட்காரும். கீழ்த்தாடை முன்னும் பின்னும் நகரும். வாயை இறுக மூடியபடியே கல்லாகிவிட்டதால், சி.டி. ஸ்கேன் எடுத்துத்தான் பற்களை முழுதாகப் பார்த்தார்கள். பல்லை மட்டும் தனியே கொடுத்திருந்தால் பாலூட்டி என்றே எழுதிவைத்திருப்பார்கள். வாலைத் தவிர மற்ற இடங்களில் எலும்புக் கவசமும் வெகுவாகக் குறைந்திருந்தது. தரையில் ஓடியாடித் திரிந்த பிராணி அது.

அடுத்த கடிதத்துக்கு வேலை வைக்காமல் இப்போதே சொல்லிவிடுகிறேன்: இது இன்றைய முதலைக்குப் பாட்டன் இல்லை, பங்காளி. வம்சம் அற்றுப்போன பங்காளி.

அப்படிப் பங்காளிகள் ஏராளம். மடகாஸ்கரில் வாழ்ந்த சைமோசூக்கஸுக்கு முக்கால் மீட்டர் நீளம், மழுங்கிய முகம், இலைதழை தின்னக் கிராம்பு வடிவப் பற்கள். (கிராம்பு விளையும் தீவுக்குப் பொருத்தம்தான்!) கடலுக்கே குடிபோய், கால்கள் துடுப்பாகி, வால் மீன்வாலாகிப்போன கூட்டமும் இதே குடும்பம்தான். கடைசியில், நீர்க்கரையில் பதுங்கிப் பிழைத்த கிளை மட்டும் மிஞ்சியது. அந்தக் கிளையிலும், இன்று உயிரோடிருக்கும் முதலை இனங்களில் ஒன்றுகூட டைனோசர் காலத்தில் கிடையாது. மைத்துனரிடமும் சொல்லிவிடுங்கள்.