டோபோஷீட்டில் காடும் ஏரியும்: கேட்டதும் சொன்னதும்

அண்ணா, கொடைக்கானல் பேரிஜம் ஏரிப் பக்கம் போகிறோம். எந்த டோபோஷீட் (இந்திய நில அளவைத் துறையின் நிலவரைபடத் தாள்) வேண்டும்?

பழைய எண்ணில் 58 எஃப்/8. 58 எஃப் என்பது அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டிலும் ஒரு டிகிரி கொண்ட சதுரம். அதைப் பதினாறாகப் பிரித்ததில் எட்டாவது துண்டு இது. 1 செ.மீ. என்றால் தரையில் 500 மீட்டர். ஏரிக்குப் போக வனத்துறை அனுமதியும் வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

எங்கள் ஊர் ஏரிக்கு ஷீட்டில் நீலமே இல்லை, வெறும் கறுப்புக் கோடுதான். ஏரி இல்லை என்றே எழுதிவிட்டார்களா சார்?

இல்லை. வருடம் முழுக்கத் தண்ணீர் நிற்பதற்குத்தான் நீலம். கோடையில் வற்றுகிற ஏரிக்கு வெறும் விளிம்புக்கோடு. ஓடைக்கும் இதே கணக்கு. நம் பக்கத்து ஏரிகள் பலவும் இப்படித்தான் இருக்கும். கரையோரம் 4 என்று போட்டு, பக்கத்தில் சின்னதாக ஆங்கில 'ஆர்' இருக்கிறதா பாருங்கள். அந்தக் கரை பக்கத்துத் தரையைவிட 4 மீட்டர் உயரம் என்று பொருள். இதைக் கடல் மட்ட உயரமாக எடுத்துக்கொண்டு குழம்பியவர்களில் நானும் ஒருவன்.

சோலைக்காட்டில் சாட்டிலைட் உயரமும் ஷீட்டின் சமஉயரக் கோடும் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பது) ஒத்துப்போகவில்லை. எதை நம்புவது?

இலவசமாகக் கிடைக்கும் எஸ்.ஆர்.டி.எம். தரவா? அது 2000 பிப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து ரேடாரில் எடுத்தது. அடர்ந்த காட்டில் ரேடார் தரை வரை போகாது. மரத்தலைக்கும் தரைக்கும் நடுவில் ஓர் உயரத்தைச் சொல்லும். ஷீட்டில் அடுத்தடுத்த கோடுகளுக்கு இடையே உயர வித்தியாசம் 20 மீட்டர் என்பதால் சின்ன மேடு பள்ளம் அதிலும் தெரியாது. இலை இடுக்கில் புகுந்து தரையைத் தொடுவது லேசர்தான், ஆனால் செலவு அதிகம். மலையின் வடிவத்துக்கு நான் ஷீட்டையே பார்ப்பேன்.

போன் ஜி.பி.எஸ். புள்ளி, ஸ்கேன் செய்த பழைய ஷீட்டில் ஏரிக்குள் விழுகிறதே?

நீங்கள் நனையவில்லை அல்லவா, சரி! பழைய ஷீட் எவரெஸ்ட் நீள்கோளம் என்ற பழைய பூமி வடிவக் கணக்கை வைத்து வரைந்தது, ஜி.பி.எஸ். பயன்படுத்துவது டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற வேறு கணக்கு. மாற்றாமல் போட்டால் நூறு, இருநூறு மீட்டர் தள்ளிப்போகும். மென்பொருளில் டேட்டம், அதாவது இந்த அடிப்படைக் கணக்கை, மாற்றிவிட்டுப் பாருங்கள்.

ஏரி ஆக்கிரமிப்பு வழக்குக்கு இந்த ஷீட் போதுமா ஐயா?

போதாது. இதில் அரை மில்லிமீட்டர் கோடே தரையில் 25 மீட்டர் அகலம். ஒரு வீடே அதற்குள் அடங்கிவிடும். ஏரி இருந்தது என்று காட்ட உதவும், எல்லை எங்கே என்று சொல்லாது. அதற்கு, சர்வே எண் வாரியாக நில அளவைக் காட்டும் புல வரைபடமும், நில விவரம் எழுதிய வருவாய்த்துறை அ-பதிவேடும்தான். தாலுகா ஆபீஸில் சர்வே எண்ணோடு கேளுங்கள்.