கோழி, ஆடு, மாடு: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஐயா, வீட்டுக்குப் பின்னால் 22 நாட்டுக்கோழி வைத்திருந்தேன். போன மாதம் பச்சையாகக் கழிந்து, கழுத்தைத் திருகிக்கொண்டு ஒன்பது செத்துப்போயின. கடையில் தடுப்பு மருந்து கேட்டால் 1000 கோழிக்கான குப்பிதான் இருக்கிறதாம். கலக்கினால் இரண்டு மணி நேரத்தில் போட்டு முடிக்க வேண்டுமாம். மோசாம்பிக்கிலிருந்து வந்து எங்கள் தெருவில் குடியிருக்கும் பெண், தன் ஊரில் கண்ணில் ஒரு சொட்டு விடுவார்கள் என்கிறாள். உண்மையா? ஆராய்ச்சியெல்லாம் பெரிய பண்ணைக்காரர்களுக்குத்தானா?
— வாசகி, வெருலம், தென்னாப்பிரிக்கா

பதில்: அம்மா, அந்தப் பெண் சொல்வது நிஜம். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் நியூகாசில் நோய் போல இருக்கின்றன. இந்தியாவில் ராணிக்கெட், வெள்ளைக்கழிச்சல் என்பார்கள். பறவைக் காய்ச்சலிலும் கோழி இப்படிச் சாகும். அதனால் முதலில் அரசுக் கால்நடை மருத்துவருக்குச் சொல்லிவிடுங்கள்.

மோசாம்பிக் மருந்துக்கு ஐ-2 என்று பெயர். ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் உருவானது. வெயிலைத் தாங்கும், அதனால் ஃபிரிட்ஜ் இல்லாத ஊர்வரை போய்ச் சேரும். மூல வைரஸை இலவசமாகக் கொடுத்ததால் மலாவி, தான்சானியா போன்ற நாடுகள் தாங்களே தயாரித்துக்கொண்டன. ஊர்ப் பெண்களே பழகிக்கொண்டு, கோழிக்கு இவ்வளவு என்று சின்னக் கூலி வாங்கிப் போடுகிறார்கள். நாலு மாதத்துக்கு ஒருமுறை.

எனக்கு இதில் பிடித்தது அந்தச் சொட்டுதான். தொண்ணூறுகளில் நான் கால்நடை உதவியாளனாக இருந்தபோது, துகேலா ஆற்றுக்கு வடக்கே ஒரு கிராமத்துக்கு மருந்தோடு போனேன். குடிதண்ணீரில் கலந்து வைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. போய்ச் சேரும்போது காலை பத்து மணி. கோழியெல்லாம் சோளக்காட்டில். முந்தின நாள் மழை, எங்கே பார்த்தாலும் குட்டை. என் மருந்துத் தண்ணீரை இரண்டு வாத்துகள் வந்து குடித்துவிட்டுப் போயின. வாசலில் உட்கார்ந்திருந்த கோகோ (ஜூலு மொழியில் பாட்டி) ஒருத்தி வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, "விடியுமுன் வந்திருக்கலாமே, எல்லாம் கூட்டுக்குள்ளேதானே இருக்கும்" என்றார். அவரிடம் யாரும் முன்னாலேயே கேட்கவில்லை. கோழி அவருடையது, அவர் பேரனுடையதுகூட இல்லை. ஆனால் எங்கள் கூட்டங்களுக்கெல்லாம் ஆண்களைத்தான் அழைப்போம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 1000 குப்பி வீணாகும் என்று பயப்படாதீர்கள். தெருவில் கோழி வைத்திருப்பவர்கள் பத்துப் பேரைச் சேர்த்து ஒரு குப்பி வாங்குங்கள். மிஞ்சினால் மிஞ்சட்டும். வாங்கும்போது கண்ணில் விடக்கூடியதா என்று கேட்டு, கரைக்கும் நீரையும் சொட்டுக் குழாயையும் சேர்த்தே வாங்குங்கள். ஐஸ் போட்ட பெட்டியில் கொண்டுவாருங்கள். குழாய்த் தண்ணீரில் மட்டும் கரைக்காதீர்கள், குளோரின் மருந்தைக் கொன்றுவிடும். விடியுமுன் கோழியைப் பிடித்து, பக்கவாட்டில் படுக்கவைத்து, மேலே தெரியும் கண்ணில் ஒரே சொட்டு. உடனே விட்டுவிடக் கூடாது. அது கண்ணைச் சிமிட்டும்வரை பிடித்திருங்கள். சிமிட்டினால்தான் மருந்து உள்ளே போனது. நலமாக இருக்கும் கோழிக்கு மட்டும் போடுங்கள். ஏற்கெனவே நோய் கண்டதற்கு இது பயன்படாது.

கேள்வி: ஆடுகளுக்கு உண்ணியால் வரும் ஹார்ட்வாட்டர் நோய்க்கும் அப்படி ஒரு சொட்டு உண்டா? என்னிடம் ஐந்து ஆடு.
— வாசகர், டோங்காட்

பதில்: இல்லை தம்பி. இங்கே ஒண்டர்ஸ்டெபோர்ட் கால்நடை மருந்துக் கூடத்தில் தயாரான தடுப்பு மருந்து, நோய் கண்ட செம்மறியின் இரத்தம்தான். உறைந்த நிலையிலேயே வைத்திருந்து, இரத்தக்குழாயில் ஏற்றி, அப்புறம் தினமும் காய்ச்சல் பார்த்து, ஏறியதும் டெட்ராசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்து போட வேண்டும். ஐந்து ஆட்டுக்காக யார் தினமும் தெர்மாமீட்டரோடு நிற்பது? நீங்கள் உண்ணியைக் கவனியுங்கள். ஆடு காலை உயரத் தூக்கி வைத்து நடந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று விடாமல், அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.