முதலில் பலகை, பிறகுதான் சட்டம்

கேள்வி: இயேசு காலத்து யூத மீனவர்களும் விலாச்சட்டம் (படகுக்கு விலா எலும்புபோல நிற்கும் வளைந்த மரங்கள்) நிறுத்திவிட்டு, அதன்மேல் பலகை அறைந்துதான் படகு கட்டினார்களா?
– கல்லடி வாசகர் ஒருவர்

பதில்: இல்லை, நேர்மாறு. 1986இல் வறட்சியால் இஸ்ரேலின் கலிலேயா ஏரியில் நீர்மட்டம் இறங்கியபோது, கரையிலுள்ள கினோசார் என்ற ஊரருகே சேற்றில் ஏறத்தாழ 2,000 ஆண்டு பழைய படகொன்று வெளிப்பட்டது. நீளம் 8 மீட்டருக்குச் சற்று மேல், அகலம் 2.3 மீட்டர்.

அதில் பலகைதான் முதல் வேலை. பலகை விளிம்பில் குழி வெட்டி, மரத்துண்டொன்றைப் பாதி செருகி, மறுபாதியை அடுத்த பலகையின் குழிக்குள் இறக்குவார்கள். பொருத்துக்கு மேலும் கீழும் துளையிட்டு மர ஆணி அடித்தால் பூட்டு விழும். தண்ணீரில் ஊறி மரம் உப்பும்போது இன்னும் இறுகும். குழிகள் ஒரு நூல் விலகினாலும் பலகை சேராது. பலவந்தமாக அடித்தால் விளிம்பு பிளக்கும். உடல் உருவான பிறகே கருவாலி (ஓக்) மரச் சட்டங்களை உள்ளே வைத்து இரும்பாணி அடித்தார்கள்.

பலகை பெரும்பாலும் கேதுரு. ஆனால் வேறு பல மரங்களும், பழைய படகுத் துண்டுகளும்கூட ஒட்டுப்போட்டிருக்கின்றன. பணக்காரன் படகல்ல!

சேற்றில் காற்றுப்படாததால் தப்பியது. வெயிலில் விட்டிருந்தால் சுருங்கி நொறுங்கியிருக்கும். ஆகவே இறுகிக் கெட்டியாகும் செயற்கை நுரையால் போர்த்தி, மிதக்கவிட்டே கொண்டுபோய், ஆண்டுக்கணக்கில் மெழுகுக் கரைசலில் ஊறவைத்தார்கள்.