ஹொட்ஜ்கின் லிம்போமாவோடு இரத்தமும் உடைகிறது என்றால் அது இரண்டு நோயா?

அண்ணன் மகளுக்குக் கழுத்தில் கட்டி, ஹொட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் என்று சந்தேகம், கூடவே இரத்தமும் உடைகிறதாம், இரண்டும் வேறு வேறு நோயா என்று கேட்டிருக்கிறீர்கள் தங்கச்சி. பெரும்பாலும் வேர் ஒன்றுதான். நான் டொக்டர் இல்லை. ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் என் மகனுக்கு இந்த இரண்டும் சேர்ந்தே வந்தது.

லிம்போமாவில் கெட்டுப்போவது நோயெதிர்ப்பைப் பார்த்துக்கொள்ளும் வெள்ளையணுக்கள். அங்கே ஒழுங்கு குலைந்தால் உடம்பு தன் சிவப்பணுக்களையே அழிக்கும். இரத்தம் உடைகிறது என்பது இதைத்தான். சில பிள்ளைகளுக்கு இரத்தம் உறைய உதவும் இரத்தத் தட்டுகளும் அழியும். தோலில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளி தெரியும். இரண்டும் அழிந்தால் எவன்ஸ் சிண்ட்ரோம் என்பார்கள். லிம்போமாவோடு இது வருவது அபூர்வம்தான். கட்டிக்கு முன்னாலும் வரும், பிறகும் வரும்.

மகனுக்குக் கண் மஞ்சளாகி, சிறுநீர் வெறுந்தேத்தண்ணி நிறத்தில் போனது. லயத்தில் காமாலை என்று கீழாநெல்லி அரைத்துத் தந்தார்கள். டிஸ்பென்சரியில் இரும்புச்சத்துப் பாணி கொடுத்தார்கள். கண்டியில் கூம்ஸ் டெஸ்ட் செய்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. சிவப்பணுவில் எதிர்ப்புப் பொருள் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து அண்ணனிடமும் சொல்லுங்கள். இரத்தம் உடைவதை நிறுத்த முதலில் கொடுப்பது பிரெட்னிசொலோன் மாதிரி ஸ்டீரொயிட். அதே மருந்து லிம்போமாக் கட்டியையும் சுருக்கிவிடும். பயொப்சிக்கு, அதாவது கட்டியில் ஒரு துண்டு எடுத்துச் சோதிப்பதற்கு, முன்னால் ஆரம்பித்தால் நோய் சரியாகத் தெரியாமலே போகலாம். அதனால் "பயொப்சி எடுத்தாச்சா டொக்டர்?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். இரத்தம் வேகமாக இறங்கினால் காத்திருக்க முடியாது, அதை அவர்களே தீர்மானிக்கட்டும். வெளியில் கொடுத்த குளிசையிலும் ஸ்டீரொயிட் இருக்கலாம். அப்படி ஏதாவது கொடுத்திருந்தால், பெயர் தெரியாவிட்டாலும் அட்டையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இரத்தம் ஏற்றத் தாமதமானால் பதறாதீர்கள். இந்த நோயில் பொருத்தம் பார்ப்பதே கஷ்டம். மகனுக்கு ஏற்றும்போது நர்ஸ் மிஸ்ஸி கட்டில் பக்கத்திலேயே நின்று, சொட்டையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தா.

லிம்போமாவுக்குக் கீமோ தொடங்கியதும் பலருக்கு இரத்தம் உடைவதும் அடங்கும். மகனுக்கும் அடங்கியது. மஹரகம அபேக்ஷா புற்றுநோய் ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். கீமோவாலும் இரத்தம் குறையும், ஒவ்வொரு தடவையும் பழைய நோய் திரும்பிவிட்டது என்று பயப்பட வேண்டாம். ஆனால் அந்த நாட்களில் காய்ச்சல் வந்தால் பனடோல் கொடுத்து விடியும்வரை பார்த்திருக்காதீர்கள். தோட்டத்து லொறியோ த்ரீவீலோ, கிடைப்பதில் ஏறி ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.