தம்பியின் நைட் ஷிஃப்ட் எந்தக் கணக்கில் வருகிறது?

கேள்வி: கோவை கணபதியில் ஜாப் ஒர்க் பட்டறை நடத்துகிறேன். வயது 43. நாலு லேத், ஒரு பழைய மில்லிங் மிஷின் இருக்கின்றன. இப்போது புது விஎம்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகத்தை வெட்டும் மிஷின்) ஒன்றை 30 லட்சத்துக்குப் பேசி முடித்து, 1 லட்சம் அட்வான்ஸும் கொடுத்தாகிவிட்டது. மணிக்கு 400 ரூபாய் வீதம் இரண்டு ஷிஃப்ட் ஓட்டினால், செலவெல்லாம் போக வருடம் 9 லட்சம் கையில் நிற்கும். பகலுக்கு ஆள் இருக்கிறார். நைட் ஷிஃப்டை என் தம்பி பார்த்துக்கொள்வான். வீட்டு ஆள் என்பதால் அவனுக்குச் சம்பளச் செலவு இல்லை. ஓசூரில் அவனுக்கு 22,000 ரூபாயில் வேலை வந்தது, மிஷின் வருகிறதே என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். பேங்க் லோனுக்கு அவன்தான் ஜாமீன். ஆடிட்டர் பேபேக், என்பிவி, ஐஆர்ஆர் என்று மூன்று விதமாகக் கணக்குப் போட்டுத் தந்தார். மூன்றிலும் ‘வாங்கலாம்’ என்றே வருகிறது. நண்பர்களோ பேபேக் ஒன்று போதும், மற்றதெல்லாம் பெரிய கம்பெனிக்காரர்களுக்கு என்கிறார்கள். எதை நம்புவது? தை மாதத்துக்குள் தம்பி கல்யாணத்தை முடிக்க வேண்டும். பெண் வீட்டில் ‘அண்ணன் கம்பெனியில் பார்ட்னர்’ என்று சொல்லியிருக்கிறோம். அதற்குள் மிஷின் இறங்கிவிட்டால் நன்றாக இருக்கும்.
(பெயர் வேண்டாம் என்ற வாசகர், கோவை)

பதில்: முதலில் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன், அது சுலபம்.

பேபேக் என்பது போட்ட காசு எப்போது திரும்பும் என்று பார்ப்பது. 30 லட்சத்தை 9 லட்சத்தால் வகுத்தால் 3 வருடம் 4 மாதம். அதற்குப் பிறகு மிஷின் ஓடுமா, படுக்குமா என்று அது பார்க்காது. மூன்றாம் வருடம் வருகிற ரூபாயையும் இன்றைய ரூபாயையும் ஒன்றாகவே எண்ணும். என்பிவி அப்படி ஏமாறாது; வரப்போகும் பணத்தையெல்லாம் இன்றைய மதிப்புக்கு மாற்றி, அதில் மிஷின் விலையைக் கழித்துப் பார்க்கும். 12 சதவீத வட்டியில் பார்த்தால் முதல் வருடக் கடைசியில் வரும் 9 லட்சத்துக்கு இன்றைய மதிப்பு 8.04 லட்சம், ஐந்தாம் வருட 9 லட்சத்துக்கு வெறும் 5.11 லட்சம். ஐந்து வருடத்தையும் கூட்டினால் 32.44 லட்சம். மிஷின் விலை போக 2.44 லட்சம் லாபம். ஐஆர்ஆர் இதே கணக்கைத் தலைகீழாகப் போட்டு, போட்ட பணம் எத்தனை சதவீதம் சம்பாதிக்கிறது என்று சொல்கிறது. உங்களுக்கு 15 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே.

என்னைக் கேட்டால் என்பிவிதான். சதவீதத்தை வைத்து அரிசி வாங்க முடியாது, ரூபாயை வைத்து வாங்கலாம். 9 லட்சத்தில் தேய்மானத்தைக் கழிக்காமல் விட்டிருந்தால் அது சரிதான். தேய்மானம் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கிற காசு இல்லை, வரி கட்டும்போது மட்டும் உதவும். லோன் வட்டியையும் கழிக்கக் கூடாது, அதற்குத்தான் 12 சதவீதம் போட்டாகிவிட்டது. இதுவரை உங்கள் ஆடிட்டரிடம் குறை இல்லை. நீங்கள் கொடுத்த எண்ணை வைத்துத்தானே அவர் போடுவார்?

இனி அந்த எண்ணுக்கு வருவோம். ‘வீட்டு ஆள் என்பதால் சம்பளச் செலவு இல்லை.’ இதை எவ்வளவு சாதாரணமாக எழுதிவிட்டீர்கள்! கூலன்ட் ஆயிலுக்குக் கணக்கு வைத்திருப்பீர்கள், எண்ட்மில்லுக்கு வைத்திருப்பீர்கள். ராத்திரி முழுக்கக் கண்விழித்து அந்த மிஷின் முன்னால் நிற்கப்போகிறவனுக்கு மட்டும் பூஜ்யம். ஓசூரில் அவனுக்கு விலை 22,000 என்று நீங்களே எழுதுகிறீர்கள். அந்த வேலையை அவன் விட்டால் மாதாமாதம் 22,000 போகிறது. அவன் பையிலிருந்து போவதால் உங்கள் தாளில் தெரியவில்லை, அவ்வளவுதான்.

நான் அதைத் தாளில் ஏற்றிப் பார்த்தேன். வருடத்துக்கு 2.64 லட்சம். 9 லட்சம் 6.36 லட்சமாகிறது. பேபேக் நாலே முக்கால் வருடத்தைத் தொடுகிறது. ஐஆர்ஆர் ஏறக்குறைய 2 சதவீதம்; பேங்கில் சும்மா டெபாசிட் போட்டாலே இதைவிட அதிகம் வரும். என்பிவி 7.07 லட்சம் நஷ்டம். மிஷினை ஐந்து வருடம் கழித்து 8 லட்சத்துக்கு விற்றுவிடுவேன் என்பீர்கள். சரி, அதன் இன்றைய மதிப்பு 4.54 லட்சத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போதும் இரண்டரை லட்சம் உதைக்கிறது. நீங்கள் காட்டிய 2.44 லட்சம் லாபத்தை அந்த மிஷின் சம்பாதிக்கவில்லை ஐயா, உங்கள் தம்பி சம்பாதித்துக் கொடுக்கிறான்.

எங்கள் பெரியப்பா திண்டுக்கல்லில் அச்சகம் வைத்திருந்தார். சித்தப்பாதான் கம்போசிங். முகூர்த்த மாதங்களில் கல்யாணப் பத்திரிகை வேலை விடிய விடிய நடக்கும். ஈய எழுத்துப் பொறுக்கிப் பொறுக்கி அவர் விரல் நுனி எப்போதும் கருப்பாகவே இருக்கும், எந்த சோப்புக்கும் போகாது. சோறு பிசையும்போது நாங்கள் அதையே பார்த்துக்கொண்டிருப்போம். 19 வருடம் சம்பளம் என்று ஒன்று அவர் வாங்கியதில்லை. பாகம் பிரிக்கிற அன்று பெரியப்பா சொன்னது, ‘இத்தனை வருஷம் சோறு போட்டேனே.’ சித்தப்பா ஒரு பீரோவை மட்டும் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். பெரியப்பா கெட்டவர் இல்லை. அவருடைய கணக்கு நோட்டில் அந்த ஒரு பத்தி மட்டும் இல்லை. ‘குடும்பத்துக்குள்ளே என்ன கணக்கு’ என்ற பேச்சை நான் கேட்டதெல்லாம் எப்போதும் கொடுக்கவேண்டியவர் வாயிலிருந்துதான். அண்ணன் என்றால் அப்பா ஸ்தானம் என்கிறோம். எந்த அப்பா பிள்ளையின் உழைப்பை லாபத்தில் எழுதிக்கொள்கிறார்?

சம்பளமில்லாதவனை ஜாமீனும் போட வைக்கிறீர்கள். தவணை தவறினால் பேங்க் அவனையும் கேட்கும், அவனுடைய சிபிலிலும், அதாவது கடன் வரலாற்றிலும், அது ஏறும். லாபத்தில் பங்கு கிடையாது, கடனில் மட்டும் பங்கு. பெண் வீட்டிலோ ‘பார்ட்னர்’. பத்திரம் எங்கே? ஜிஎஸ்டி பதிவு யார் பெயரில்? வருகிற பெண் முதல் மாதமே மளிகைக்குக் காசு கேட்பாள். அப்போது உங்கள் தம்பி உங்கள் மனைவியிடம் வந்து நிற்பானா?

இரண்டில் ஒன்றைச் செய்யுங்கள். மாதம் 22,000 பேங்க் கணக்கில் போடுங்கள். செய்கிற வேலைக்கு நியாயமான சம்பளம் என்றால் வருமான வரியில் செலவாகவே காட்டலாம். அல்லது நிஜமாகவே பார்ட்னர் ஆக்குங்கள். பங்கு எவ்வளவு, அவனுக்கு மாதச் சம்பளம் எவ்வளவு என்று பத்திரத்தில் எழுதிப் பதிவு செய்யுங்கள். அப்புறம் அவன் ஜாமீன் போட்டால், எதற்குப் போடுகிறோம் என்று தெரிந்து போடுவான்.

நஷ்டக் கணக்காகிவிட்டதே, மிஷினை விட்டுவிடுவதா என்று கேட்பீர்கள். அங்கேதான் எனக்குக் கோபம் அதிகமாகிறது. தினம் 16 மணி நேரம், வருடம் 300 நாள் என்றால் 4,800 மணி. தம்பி சம்பளத்தையும் கொடுத்து, கடைசியில் 8 லட்சத்துக்கு விற்பதையும் சேர்த்துப் பார்த்தால், நஷ்டமில்லாமல் நிற்க வருடத்துக்கு இன்னும் 70,000 ரூபாய் வேண்டும். அதாவது மணிக்கு 15 ரூபாய். 400-க்குப் பதிலாக 415 என்று பார்ட்டியிடம் கேட்டால் தீர்ந்தது. அதைக் கேட்கக் கூச்சப்பட்டு, அந்த 15 ரூபாயைத் தம்பியின் தூக்கத்திலிருந்து எடுத்து வாடிக்கையாளருக்குத் தள்ளுபடி கொடுக்கிறீர்கள்!

16 மணி நேரமும் சிப் பறக்கும் என்று நான் நம்பவில்லை, அது வேறு. ஜாப் செட்டிங் இருக்கிறது, டூல் மாற்றுவது இருக்கிறது, கரண்ட் இருக்கிறது, ஆர்டரே வராத மாதமும் இருக்கிறது. 14 மணி என்று வைத்து ஆடிட்டரை மறுபடி போடச் சொல்லுங்கள். ரேட்டை இன்னும் ஏற்றவேண்டிவரும். அந்த ரேட்டை எந்தப் பார்ட்டியும் கொடுக்கமாட்டார் என்றால் புது மிஷின் உங்களுக்கு இப்போது கட்டாது. ஒரு ஷிஃப்டுக்குப் பழைய விஎம்சி ஒன்றைத் தேடுங்கள், தம்பி ஓசூருக்குப் போகட்டும்.

அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டதே என்று தயங்காதீர்கள். திரும்ப வாங்க முடிந்தால் வாங்குங்கள். முடியாது என்றால் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அது போன காசு. மிஷின் விலையை 29 லட்சம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள், அதற்கு அவ்வளவுதான் மரியாதை. 400 ரூபாய் ரேட்டில் அப்போதும் ஒன்றரை லட்சம் கையைக் கடிக்கிறது.

பேங்கில் அவன் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், சம்பளம் ஏற்றிய கணக்கு, ஏற்றாத கணக்கு இரண்டையும் அவன் எதிரில் வையுங்கள். ஓசூர்க் கம்பெனி அவனுக்கு எத்தனை நாள் அவகாசம் கொடுத்திருக்கிறது என்பதையும் கேளுங்கள். கடிதத்தில் அதை நீங்கள் எழுதவே இல்லை.