ஸ்வீடனில் பள்ளியிலேயே தமிழ் வகுப்பு: படிவத்தில் என்ன எழுதுவது?

தம்பி, நீங்கள் கேட்டது இதுதானே. கோவையிலிருந்து கோத்தன்பர்க் வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, மகனுக்கு எட்டு வயது, மகளுக்கு ஐந்து. பையனின் பள்ளியில் தாய்மொழி வகுப்பு வேண்டுமா என்று ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். வேண்டும் என்று எழுதினால் ஸ்வீடிஷ் பிந்திப்போகுமா, பிள்ளைகளைத் தனியாக ஒதுக்கிவிடுவார்களா, பேசாமல் வீட்டிலும் ஸ்வீடிஷுக்கோ ஆங்கிலத்துக்கோ மாறிவிடலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மாறாதீர்கள். உங்களுக்கும் உங்கள் வீட்டம்மாவுக்கும் ஸ்வீடிஷ் இப்போது வணக்கம், நன்றி அளவில்தான் இருக்கும், அதை வைத்துக்கொண்டு பிள்ளையிடம் என்ன பேசுவீர்கள்? சாப்பிடு, தூங்கு, ஜாக்கெட்டைப் போடு, இதற்கு மேல் வராது. நிலா ஏன் கூடவே வருகிறது என்று ஐந்து வயசுப் பிள்ளை கேட்டால் அரைகுறை மொழியில் மழுப்பத்தான் முடியும். குழந்தைகள் நல மையத்து நர்ஸிடம் கேட்டுப்பாருங்கள், உங்களுக்கு நன்றாக வருகிற மொழியில் பேசுங்கள் என்றுதான் சொல்வார். ஸ்வீடிஷைப் பள்ளி பார்த்துக்கொள்ளும். பள்ளி முடிந்து ஃப்ரீடிட்ஸ் என்கிற பிள்ளைகள் பராமரிப்பு இடத்தில் சாயங்காலம் வரை விளையாடுகிற பிள்ளைக்கு அது ஒட்டிக்கொள்ளாமல் போகாது.

இப்போது படிவம். வேண்டும் என்றே எழுதிக் கொடுங்கள். ஆனால் அது என்ன, எவ்வளவு என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள், இல்லாவிட்டால் ஒரு வருஷம் கழித்துப் 'பையனுக்கு ஒரு வரி படிக்கத் தெரியவில்லை' என்று வருத்தப்படுவீர்கள்.

மூடெர்ஸ்மோல் என்று இங்கே சொல்வது தாய்மொழியை ஒரு பாடமாகக் கற்றுக்கொடுப்பது. 1977-இல் ஒரு சீர்திருத்தம் வந்ததிலிருந்து இது நடக்கிறது, காசு கிடையாது, அரசுப் பாடத்திட்டமே இருக்கிறது, ஆறாம் வகுப்பிலிருந்து மற்றப் பாடங்களைப் போலவே கிரேடும் போடுகிறார்கள், ஒன்பதாம் வகுப்பு முடித்து மேலே போகும்போது அந்த கிரேடு சேர்க்கைக் கணக்கிலும் வரலாம். அம்மா அப்பாவில் ஒருவராவது வீட்டில் தினமும் அந்த மொழி பேச வேண்டும், பிள்ளைக்கும் அடிப்படை தெரிந்திருக்க வேண்டும். அதாவது தமிழே பேசாத பிள்ளைக்கு முதலிலிருந்து தமிழ் சொல்லிக்கொடுக்கிற வகுப்பு இல்லை இது. வீட்டில் மொழியை மாற்றாதீர்கள் என்று சொன்னதற்கு இது இன்னொரு காரணம், இப்போது விட்டுவிட்டால் இரண்டு மூன்று வருஷத்தில் இந்த உரிமையும் கையை விட்டுப் போய்விடும்.

அப்புறம் ஒரு கணக்கு இருக்கிறது. குறைந்தது ஐந்து பிள்ளைகள் கேட்டிருக்க வேண்டும், தகுந்த ஆசிரியரும் கிடைக்க வேண்டும், அப்போதுதான் நடத்தியாக வேண்டிய கட்டாயம். நகராட்சிப் பள்ளி என்றால் அந்த நகராட்சிப் பள்ளிகள் எல்லாவற்றிலும் சேர்த்து ஐந்து பேர், அதனால் கோத்தன்பர்க் மாதிரி ஊரில் கவலை இல்லை. ஆனால் ஃப்ரீஸ்கூலா என்கிற தனியார் நிர்வாகப் பள்ளியில் சேர்த்திருந்தால் அந்த நிர்வாகத்தின் பள்ளிகளுக்குள்ளேயே ஐந்து பேர் தேற வேண்டும். நம் ஆட்கள் பலர் ஆங்கிலவழி கிடைக்கிறதே என்று ஃப்ரீஸ்கூலாவில் போட்டுவிட்டுப் பிறகு இங்கேதான் மாட்டுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு 'தமிழ் கேட்பது நீங்கள் ஒருவர்தான்' என்று பதில் வந்தது. அவர்கள் நமது வாட்ஸாப் குழுவில் விசாரித்ததில் அதே நிர்வாகத்தின் இன்னொரு பள்ளியில் தமிழ்ப் பிள்ளைகள் இருந்தார்கள், அங்கே யாருமே படிவத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம். நீங்களும் கேளுங்கள், ஆட்களைச் சேருங்கள்.

உங்கள் வீட்டில் அம்மா தெலுங்கு, அப்பா தமிழ் என்கிற மாதிரி இருந்தால் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும், ஒரு பிள்ளைக்கு ஒரு மொழி.

வகுப்பு எப்படி இருக்கும்? பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு முறை, ஒரு மணி நேரம்கூட இருக்காது, அதுவும் பள்ளி விட்ட பிறகு. வேறொரு பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போகவும் வேண்டியிருக்கும், ஆசிரியர் வேறு ஊரில் இருந்தால் திரையில்தான் வருவார். டிசம்பரில் மூன்றரை மணிக்கு வெளியே இருட்டிவிடும், பிள்ளை பசியோடும் தூக்கக் கலக்கத்தோடும் உட்கார்ந்திருக்கும். ஒரே அறையில் ஏழு வயதிலிருந்து பன்னிரண்டு வரை இருப்பார்கள். ஒருத்தி 'அம்மா' எழுதிப் பழகுவாள், ஒருவன் கதை வாசிப்பான், இன்னொருவன் ஸ்வீடிஷில் பக்கத்துப் பையனிடம் கால்பந்து பேசிக்கொண்டிருப்பான். ஆசிரியர் புத்தகப் பையைச் சுமந்துகொண்டு டிராமில் பள்ளி பள்ளியாகப் போகிறவர். அவரிடம் அதிசயத்தை எதிர்பார்க்காதீர்கள். பேர் கொடுத்த பிறகு வருகை கட்டாயம், வராத நாள் பதிவாகும், அதனால் நீச்சல் வகுப்பையும் இதையும் ஒரே கிழமையில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஆசிரியர் பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக்காரராக இருப்பார், எண்பதுகளிலிருந்து இங்கே வேர்விட்டவர்கள் அவர்கள்தான். நம் ஊரிலிருந்து வருகிற சிலர் 'எங்க தமிழ் வேற, பையன் குழம்பிடுவான்' என்று முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன், எனக்குக் கோபம் வரும். என் மகள் கொஞ்ச காலம் வீட்டில் 'அம்மா, நான் சாப்பிட்டு முடிச்சிட்டன்' என்று இழுத்துக்கொண்டு திரிந்தாள், அதனால் என்ன குறைந்துபோனது? அந்த ஆசிரியர்கள் கண்டிப்பாக எழுத வைப்பார்கள், ணகரம் னகரம் தவறினால் விடமாட்டார்கள். நமக்கே அது ஒழுங்காக வராது.

சரி, உங்கள் மகன் விஷயத்தில்தான் முக்கியமான ஒன்று இருக்கிறது, உங்களுக்குப் பள்ளியில் யாரும் இதை விளக்கியிருக்க மாட்டார்கள். மூடெர்ஸ்மோல் வேறு, ஸ்டூடியேஹாண்ட்லெட்னிங் வேறு. இரண்டாவது என்பது கணக்கு, அறிவியல் மாதிரி பாடங்களைப் பிள்ளைக்குப் புரிகிற மொழியில் விளக்கிக் கைகொடுப்பது. புதிதாக வந்த பிள்ளைக்கு என்ன தெரியும் என்று முதல் இரண்டு மாதத்துக்குள் பள்ளி சோதித்துப் பார்க்க வேண்டும், அதை வைத்துத்தான் இந்த உதவியைத் தீர்மானிப்பார்கள். படிவத்தில் தாய்மொழி தமிழ் என்று நீங்கள் எழுதினால் உதவியும் தமிழில்தான் வரும். இங்கேதான் சிக்கல். இலங்கையில் தமிழ்ப் பிள்ளைகள் கணக்கைத் தமிழிலேயே படிக்கிறார்கள். உங்கள் பையனோ கோவையில் ஆங்கிலவழி. ஒரு பையன் கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, ஆசிரியர் பொறுமையாக 'இது தொகுதி, கீழே இருப்பது பகுதி' என்று விளக்குகிறார், பையன் பேந்தப் பேந்த விழிக்கிறான். அவனுக்குப் பின்னம் நன்றாகவே தெரியும், ஆனால் ஆங்கிலத்தில் தெரியும். கோயம்புத்தூரில் தமிழனாகப் பிறந்து, தமிழில் கணக்கு என்பதை முதன்முதலாக ஸ்வீடனில் வந்து கேட்கிறான்!

இதற்கு வழி இருக்கிறது. இங்கே வருவதற்கு முன் பிள்ளை வேறு மொழியில் படித்திருந்தால் தக்க காரணம் காட்டி அந்த மொழியில் உதவி கேட்கலாம், விதியிலேயே இடம் உண்டு. ஆகவே ரெக்டரிடம், அதாவது தலைமையாசிரியரிடம், தெளிவாகச் சொல்லுங்கள்: வீட்டில் தமிழ், தாய்மொழி வகுப்பு தமிழில் வேண்டும், பாடங்களுக்கான உதவி ஆங்கிலத்தில் வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் குழப்பிக்கொள்வார்கள், மின்னஞ்சலில் தனித்தனியாக எழுதுங்கள்.

ஒதுக்கிவிடுவார்களா என்று பயப்படாதீர்கள். இங்கே சோமாலி, அரபு, போலிஷ் என்று எல்லாப் பிள்ளைகளும் இப்படி ஒரு வகுப்புக்குப் போகிறார்கள், யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இதற்குச் செலவழிப்பதை நிறுத்த வேண்டும் என்கிற அரசியல் குரல் இருக்கிறது, ஆனால் வகுப்பறையில் அதன் வாடை இல்லை.

மகளுக்கு வயது ஐந்து என்பதால் அவளுக்கு இன்னும் இந்தப் பாடம் கிடையாது, உரிமை முதல் வகுப்பிலிருந்துதான். அதற்கு முன் ஃபோர்ஸ்கூலா என்கிற மழலையர் பள்ளியும் ஆறு வயதுக்கான ஆயத்த வகுப்பும் ஸ்வீடிஷோடு தாய்மொழியும் வளரத் துணை செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடைமுறையில் அது அந்தந்த ஆசிரியையின் மனசைப் பொறுத்தது. நீங்களாகப் போய்க் கேட்டால் செய்வார்கள். இந்த வாரம் அங்கே என்ன கதை வாசிக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு வந்து அதே கதையை வீட்டில் தமிழில் சொல்லுங்கள். கதை ஏற்கெனவே தெரிந்திருந்தால் பிள்ளை மறுநாள் ஸ்வீடிஷில் கேட்கும்போது வாயைப் பிளந்துகொண்டு உட்காராது, கையைத் தூக்கும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாக இருக்கின்றன, அச்சிட்டும் கொடுக்கலாம்.

அவள் ஒருநாள் ஸ்வீடிஷில் பதில் சொல்ல ஆரம்பிப்பாள், எல்லா வீட்டிலும் நடப்பதுதான். திட்டாதீர்கள், 'தமிழ்ல சொன்னாத்தான் தருவேன்' என்று மிரட்டவும் வேண்டாம். அவள் எதில் பேசினாலும் நீங்கள் தமிழிலேயே பேச்சைத் தொடருங்கள். ஒன்பது பத்து வயதில் பெரியவனும் வகுப்புக்கு வரமாட்டேன் என்று அழுவான், அந்தச் சமயத்தில்தான் நிறையப் பேர் பேரை எடுத்துவிடுகிறார்கள். ஒரு வருஷம் இழுத்துப் பிடித்தால் தாண்டிவிடும். இப்போதைக்குப் படிவத்தை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள், பல இடங்களில் பருவம் தொடங்கிய பிறகு கேட்டால் அடுத்த பருவத்துக்குத்தான் தள்ளுவார்கள்.